கான் வரிசையில் நிற்கட்டும், ஆள் நிழலில் இருக்கட்டும்

2022இல் மண்ணெண்ணெய்க்கு வரிசை கட்டிய நாட்களை வன்னியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் எழுதிய கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் விட்டுவிட்டு, எதிரே வேப்பமரத்தடியில் இருந்தோம். கான் நகர நகர எங்கள் முறையும் நகர்ந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை.

பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் முன்பு ஓர் உதவி அட்டை இருந்தது. அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் பெருகியதால் 2013 ஒக்டோபரில் நிறுத்திவிட்டு, ‘இத்தனை மணிக்குத் திரும்பி வாருங்கள்’ என்று நேரம் குறித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு 40 நிமிடம் என்றால் இவருக்கும் அதையொட்டிய நேரம்தான்; கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை, அவ்வளவே.

ஊர் மைதானத்தில் காணிவேல் வைக்கும் விளையாட்டுக் கழகத் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு இதற்கு ஒரு கொப்பி, ஒரு குமிழ்முனைப் பேனை, ஒரு கைக்கடிகாரம் போதும்.

முதலில் வரிசையை அளவுங்கள். இராட்டினத்தில் ஒரு தடவைக்கு 24 பேர், ஆட்களை ஏற்றி இறக்கிச் சுற்றி முடிய 8 நிமிடம் என்று வையுங்கள். வரிசையில் 96 பேர் நின்றால் நான்கு சுற்று, 32 நிமிடம். மாலை 6.10க்கு ஒருவர் வந்தால் அவருடைய துண்டில் 6.42 என்று எழுதுங்கள். ஆஸ்பத்திரி நம்பர்த் துண்டு மாதிரித்தான்: இலக்கம், எத்தனை பேர், திரும்பி வரும் நேரம், உங்கள் கையொப்பம். கூட வந்த குடும்பத்தையும் அதே துண்டில் சேருங்கள். ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரு துண்டுதான் இருக்கலாம். அதை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கலாம்.

யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் பலர் இடறுகிறார்கள். போன வருடம் ஒரு விழாவில் என் மாமாவைக் கண்ட தொண்டர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஒலிபெருக்கியில் “கால் இல்லாத ஐயாவை முன்னுக்கு விடுங்கள்” என்று அறிவித்தார். முழு வரிசையும் திரும்பிப் பார்த்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படலையைப் பார்த்து நடந்தார். அவர் முந்த வரவில்லை. வெயிலில் நின்றால் செயற்கைக் காலுக்குள் வேர்த்து, தோல் உரசிப் புண்ணாகும். இருக்க ஒரு கதிரை கிடைத்திருந்தால் ஒரு மணி நேரமும் இருந்திருப்பார்.

ஆகவே “என்ன வருத்தம்?”, “கால் எப்படிப் போனது?” என்ற கேள்விகள் வேண்டாம். எங்கள் மண்ணில் அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன வருமென்று உங்களுக்கே தெரியும். “நிற்பது சிரமமா? இருந்து காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் போதும். போரில் பட்ட எறிகணைத் துண்டு முதுகில் இருப்பவரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சனநெரிசல் தாங்காத ஓட்டிசம் உள்ள பிள்ளையும் அப்படித்தான். 2024இல் டிஸ்னி இந்த வசதியைப் பெரும்பாலும் ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கியபோது, நிற்க முடியாத பலர் குறைபட்டார்கள். இலட்சக்கணக்கில் சனம் வரும் இடத்தில் ஏமாற்றுபவர்கள் டிஸ்னிக்குத் தலையிடியாக இருக்கலாம். நூறு இருநூறு பேர் வரும் மைதானத்தில் அத்தாட்சிப் பத்திரம் கேட்பது வீண் வேலை. இரண்டு பேர் ஏமாற்றினால் ஏமாற்றிவிட்டுப் போகட்டும்.

துண்டு வாங்கியவர்கள் இருந்து காத்திருக்கும் இடத்தை ஜெனரேட்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி, மரநிழலில் அமையுங்கள். சாய்மானக் கதிரை, தண்ணீர், கிட்டவே மலசலகூடம்.

பாதை முக்கியம். குமுழமுனைப் பக்கமோ முல்லைத்தீவுக் கரையோ, மணலில் சக்கர நாற்காலியின் முன் சில்லுகள் புதைந்துவிடும். தள்ளத் தள்ள இன்னும் இறங்கும். அமர்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்து, பின்னோக்கி இழுங்கள். பெரிய சில்லு மணலில் ஏறிக்கொள்ளும். பலகை போட முடிந்தால் இன்னும் நல்லது. கயிறு கட்டும் பாதை குறைந்தது 3 அடி அகலமாக இருக்கட்டும். மேடைக்குச் சாய்தளம் வைத்தால் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் தேவை. “அவ்வளவு நீளமா?” என்று தச்சர் கேட்பார். அவ்வளவும் வேண்டும்.

துண்டு எழுதுவதற்கு முன்பே இராட்டினக்காரரிடம் பேசுங்கள்: பெட்டியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பார், யாரை ஏற்றுவது பாதுகாப்பில்லை? முக்கால் மணி காத்திருந்தவரை ஏணியடியில் வைத்துத் திருப்பி அனுப்புவதைவிடக் கொடுமை இல்லை.

வரிசையில் நிற்பவர்கள் முறுமுறுப்பார்கள். வரிசை தொடங்கும் இடத்தில் ஒரு மட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்: ‘துண்டு வைத்திருப்பவர்களும் உங்களைப் போலவே காத்திருந்தவர்கள்.’ நேரம் வந்ததும் ஆளின் பெயரையோ குறையையோ சொல்லாமல் இலக்கத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் பத்து நிமிடம் பிந்தி வந்தாலும் ஏற்றுங்கள். மணலில் அவருக்கு அது நீண்ட தூரம்.

இடையில் மின்சாரம் போய் இராட்டினம் 20 நிமிடம் நின்றுவிட்டால், துண்டில் உள்ள நேரத்தை வெட்டிப் புது நேரம் எழுத வேண்டும். அதற்கு அவரைக் கூப்பிடாதீர்கள். பேனையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நீங்கள் போங்கள்.