சின்னம்மை கண்ட வீட்டில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

சின்னம்மை போட்டவருக்கு மருந்தே கொடுக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை உடம்பில் நீர் படக்கூடாது என்ற நம்பிக்கை சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் உண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய வேப்பிலையை வாசலில் செருகுவதாலும், இளநீரும் மோரும் கொடுப்பதாலும் தீங்கில்லை; நோயாளியைத் தனியறையில் ஓய்வெடுக்க வைக்கும் வழக்கத்தை மருத்துவமும் ஏற்கிறது. அம்மனுக்கு அடங்கி நடப்பதாக எண்ணி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவதுதான் பெரும்பிழை.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானே தணிந்துவிடும் இந்நோய், பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோய்விடக்கூடும். வைரஸை எதிர்க்கும் அசைக்ளோவிர் மாத்திரையை முத்துகள் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூன்று நாள் போகட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். வெப்பமண்டல நாடுகளில் சிறுவயதில் இந்நோய் காணாமலே வளர்பவர்கள் பலர் என்பதால், தங்கும் விடுதிகளில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஊழியர்களும் வீட்டுப் பணிப்பெண்களும் இதைச் சிறுபிள்ளை நோய் என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது.

காய்ச்சலுக்கு எந்த மருந்தைக் கொடுக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தாத்தாவின் இதயத்துக்காக வாங்கி வைத்திருக்கும் ஆஸ்பிரினைப் பிள்ளைக்குக் கொடுத்தால், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய் வரலாம். இபுபுரோஃபெனையும் தவிர்ப்பது நல்லது. எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் போதும்.

நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். அரைத்த வேப்பிலையையும் மஞ்சளையும் உடைந்த கொப்புளங்களின்மேல் பூசினால் புண்ணில் வேறு கிருமி புகக்கூடும். அரிப்புக்குக் காலமைன் தடவி, பிள்ளையின் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் பாலர் பள்ளிக்கு அனுப்பிவிடுவது மற்றொரு தவறு. முத்துகள் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கும் தொற்று, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை நீடிக்கும். கிருமி காற்றிலும் பரவும் என்பதால், ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் கர்ப்பிணி, தமக்கு அறிகுறி ஒன்றும் தெரியவில்லையே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். தொற்றியவருக்கு அறிகுறி தோன்ற 10 முதல் 21 நாள் ஆகும். தேசியக் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி 2020 நவம்பரில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே அதற்கு முன் பிறந்த பிள்ளைகளில் சிலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். நோய் காணாத, தடுப்பூசியும் போடாத மற்றவர்கள், கர்ப்பிணிகளும் நோயெதிர்ப்பு குன்றியவர்களும் நீங்கலாக, நோயாளியோடு பழகிய 3 முதல் 5 நாட்களுக்குள் போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ முடியும்.

பலதுறை மருந்தகத்துக்குக் (பாலிகிளினிக்) கிளம்புமுன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் காத்திருக்கும் இடத்தில் நோயாளியை அமர வைக்காமல் தனியாகப் பார்க்க ஏற்பாடு செய்ய அது உதவும்.