மெடிக்கல் ஸ்கூல் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி: மாணவர் வீட்டில் தங்குவது எப்படி?

அமெரிக்காவில் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு எம்கேட் நுழைவுத்தேர்வு பற்றி, கட்டுரை பற்றி, சிபாரிசுக் கடிதம் பற்றிச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி எங்கே படுப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. 2018 இலையுதிர் காலத்தில் நான் விண்ணப்பித்தபோது மூன்று ஊர்களில், அந்தந்தக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களின் வீட்டில்தான் தங்கினேன். அடுத்த வருடம் நானே மாணவியாகி ஐந்து பேரை என் வீட்டில் தங்கவைத்தேன். இரண்டு பக்கமும் பார்த்ததால் எழுதுகிறேன்.

1. நேரிலா, ஸ்கிரீனிலா?

கோவிட் வந்த 2020இல் இன்டர்வியூக்கள் ஜூமுக்குப் போயின. நிறைய கல்லூரிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன, சில திரும்பவும் நேரில் வரச்சொல்கின்றன. அழைப்பு மெயிலை முழுசாகப் படியுங்கள். இன்டர்வியூ ஸ்கிரீனில் முடிந்துவிட்டாலும் இந்தப் பதிவை மூடிவிட வேண்டாம், இடம் கிடைத்த பிறகு வசந்த காலத்தில் 'வந்து பார்த்துவிட்டுப் போங்கள்' என்று கூப்பிடும் செகண்ட் லுக் பயணத்துக்கும் இதே முறைதான்.

2. ஹோஸ்ட் கேட்பது

அழைப்பு மெயிலின் அடியில் மாணவர் ஹோஸ்ட், அதாவது உங்களைத் தன் வீட்டில் தங்கவைக்கிற மாணவர், வேண்டுமா என்று ஒரு படிவம் இருக்கும். இல்லாவிட்டால் அட்மிஷன் அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து எம்கேட் கட்டணத்தையும் குறைக்கிற ஏஏஎம்சி (அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம்) சலுகைத் திட்டம்கூட விமானத்துக்கோ ஓட்டலுக்கோ ஒரு காசு தராது, பாஸ்டன் மாதிரி ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தால் ஒரு இரவுக்கு 200 டாலரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தேதி உறுதியான அன்றே கேளுங்கள். ஹோஸ்டாக வருபவர்கள் பெரும்பாலும் முதல், இரண்டாம் வருட மாணவர்கள். மூன்றாம் வருடத்தவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த முதலிரண்டு வருடத்துக்காரர்களுக்கும் பரீட்சை வாரம் என்று ஒன்று உண்டு, உங்கள் தேதி அதில் விழுந்தால் யாரும் கிடைக்க மாட்டார்கள். அப்படி ஆகும் என்று வைத்துக்கொண்டு, ரத்து செய்யக்கூடிய ஓர் அறையையும் பிடித்து வையுங்கள்.

உங்கள் மெயிலில் இவ்வளவு இருந்தால் போதும்: எந்த நாள் எத்தனை மணிக்கு வருவீர்கள், மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், மாணவி ஒருவரின் வீடுதான் வேண்டும் என்றால் அது, பூனை நாய் அலர்ஜி இருந்தால் அது. அலர்ஜியை மறைக்காதீர்கள். எனக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது, அதைச் சொல்ல என்னமோ கூச்சப்பட்டு, மறுநாள் சிவந்த கண்ணோடு இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தேன்.

3. பெரியம்மா வீடு இருக்கும்போது எதற்கு?

நம் வீடுகளில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எனக்கும் வந்தது. நியூ ஜெர்சி எடிசனில் பெரியம்மா இருக்கும்போது முன்பின் தெரியாதவர் வீட்டில் சோஃபாவில் படுப்பானேன் என்று அம்மா ஒரு வாரம் பேசினார். சாப்பாட்டைப் பொறுத்தவரை பெரியம்மாதான், சந்தேகமே இல்லை. ஆனால் எடிசனிலிருந்து மன்ஹாட்டனுக்குக் காலை எட்டு மணிக்குள் சூட்டோடு போய்ச்சேர நீங்கள் ஐந்தரைக்கு எழ வேண்டும், முந்தின ராத்திரி பதினொன்று வரை யார் கல்யாணம் எங்கே என்ற பேச்சு நடக்கும், அதோடு அந்தக் கல்லூரியைப் பற்றிப் பெரியம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஹோஸ்டுக்கு எல்லாம் தெரியும், வகுப்பு அவர் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். பெரியம்மாவிடம் இன்டர்வியூ முடிந்த சாயங்காலம் போங்கள்.

4. பையில் என்ன வைப்பது

சூட், ஷூ, சட்டை மூன்றும் கைப்பையில்தான், லக்கேஜில் போடவே கூடாது. அது வேறு ஊருக்குப் போய்விட்டால் ஜீன்ஸோடுதான் இன்டர்வியூ. துண்டு, செல்போன் சார்ஜர், காதடைப்பான், ஒரு தடித்த ஸ்வெட்டர். ஸ்வெட்டர் ஏன் என்றால், எனக்குக் கிடைத்த ஒரு நீலக் காற்று மெத்தையில் ஓட்டை இருந்தது. ராத்திரி மூன்று மணிக்கு முதுகு தரையைத் தொட்டுவிட்டது, டிசம்பர் மாதத் தரை.

ஹோஸ்டுக்கு ஏதாவது சின்னதாகக் கொண்டுபோங்கள், பத்து டாலருக்குள் இருந்தால் போதும். அம்மா ஆசையாகக் கொடுத்த ஆவக்காய் பாட்டிலை நான் கைப்பையில் வைத்திருந்தேன். விமான நிலையச் சோதனையில் ஊறுகாயும் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் போகாது, எடுத்துவைத்துவிட்டார்கள். அடுத்த தடவை முறுக்கு போனது, ஒரு கேள்வியும் இல்லை. முந்திரி போட்ட இனிப்பு என்றால் மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் நட்ஸ் அலர்ஜி இல்லையே என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. அந்த ராத்திரி

ராத்திரி ஒன்பது மணிக்குமேல் போய்ச்சேராதீர்கள், விமானம் தாமதமானால் உடனே செய்தி அனுப்புங்கள். ஹோஸ்ட் உங்களைக் கூட்டிவர வருவார், சமைத்துப் போடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், மறுநாள் அவருக்கு உடற்கூறியல் பரீட்சையாக இருக்கலாம். ஒரு மணி நேரம் பேசக் கிடைத்தாலே பெரிய விஷயம், அதை வீணாக்காதீர்கள்.

கல்லூரியின் வெப்சைட்டில் இருப்பதைக் கேட்காமல் இதையெல்லாம் கேளுங்கள். முதலிரண்டு வருடப் பாடங்கள் பாஸ் ஃபெயில் மட்டும்தானா, உள்ளுக்குள் ரேங்க் போடுகிறார்களா? வகுப்புக்கு நேரில் போகத்தான் வேண்டுமா, ரெக்கார்டிங் பார்த்தால் போதுமா? டாக்டர் லைசென்ஸுக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 இப்போது பாஸ் ஃபெயில் (2022 ஜனவரியிலிருந்து), ஆனாலும் அதற்குப் படிக்க எத்தனை வாரம் விடுகிறார்கள்? மூன்றாம் வருடம் எந்தெந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கார் இல்லாமல் முடியுமா? வாடகை எவ்வளவு? ஒருவர் பாடத்தில் தோற்றால் கல்லூரி எப்படி நடத்துகிறது? நான் கேட்டதிலேயே உருப்படியான கேள்வி இந்தக் கடைசிக் கேள்விதான். ஒரு ஹோஸ்ட் பதில் சொல்வதற்கு முன்னால் ரொம்ப நேரம் யோசித்தார், அந்த யோசனையே எனக்குப் பதிலாகிவிட்டது.

எம்எம்ஐயில் (ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு பேரிடம் நடக்கும் குட்டி இன்டர்வியூக்கள்) என்ன கேள்வி வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியே சொல்ல மாட்டேன் என்று அவரும் ஒருகாலத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஹோஸ்ட் உங்களுக்கு மார்க் போடுகிறாரா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆனால் என் வீட்டில் தங்கிய ஒருவர், எங்கள் கல்லூரி தனக்கு ஒரு சும்மா ஒத்திகைதான் என்று என்னிடமே சொன்னார். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை, இன்னொருவர் சொல்லியிருக்கக்கூடும்.

6. காலையும் அதற்கப்புறமும்

குளியலறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று முந்தின ராத்திரியே கேட்டுவிடுங்கள். போர்வையை மடித்து வையுங்கள், சாவியை எங்கே வைக்கச் சொன்னாரோ அங்கேயே வையுங்கள். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள், இங்கே ஒரு நாள்தான், இன்டர்வியூ முடிந்ததும் இன்னொரு ராத்திரி தங்கட்டுமா என்று கேட்காதீர்கள்.

இரண்டு நாளுக்குள் நன்றி சொல்லி ஒரு மெயில். அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஹோஸ்டுக்கு மறுபடி எழுதுங்கள், எந்த வீடு காலியாகிறது, யார் கட்டிலை விற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் அப்படி எழுதப்போய், என் ஹோஸ்ட் காலி செய்த அறைக்கே 2019 ஜூலையில் குடிபோனேன். நீல மெத்தையும் அறையோடு வந்தது, ஓட்டையோடு.