டால்ஃபினுக்கு ஒரு கறுப்பு ஒயர்

பெங்களூரில் சிபானி நிறுவனம் எண்பதுகளில் தயாரித்த டால்ஃபின் கார் என்னிடம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரின் வாரிசு. 848 சிசி அலுமினிய என்ஜின், ஃபைபர் கிளாஸ் பாடி. துருப்பிடிக்காது என்று பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் மின்சாரம் வேறு கதை.

பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியாது, டேஷ்போர்டு விளக்கு மினுக்கும்! பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். காசுதான் போனது.

அப்புறம் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. யாரோ ஒரு மெக்கானிக் பின்விளக்கின் எர்த் ஒயரை ஸ்க்ரூ போட்டு பாடியிலேயே முறுக்கியிருந்தார். தகர வண்டிக்கு அது சரி, பாடியே மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோகும். ஃபைபரில் மின்சாரம் எங்கே போகும்? திரும்பும் வழி இல்லாமல், அதே பல்பின் இன்னொரு இழை வழியாக டேஷ்போர்டு விளக்கைத் தேடிப் போயிருக்கிறது.

பேட்டரியின் மைனஸிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து விளக்கு ஹோல்டரில் தொட்டேன். பளிச்! சந்தேகம் தீர்ந்தது.

2.5 சதுர மி.மீ. கறுப்பு ஒயர் வாங்கி, இரண்டு பின்விளக்குகளையும் சேர்த்து அடியில் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும் இரும்புச் சேஸிஸுக்கு இறக்கினேன். போல்ட் இடத்தில் பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளவெனச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். சுரண்டாமல் விட்டால் ஒயர் போட்டதே வீண். பெட்ரோல் கேஜ் முள் ஆடுவதும் அதோடு நின்றுவிட்டது, அதன் எர்த்தும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.