எல்லாமே நரம்பு இல்லை: கால் ரத்தக்குழாய் நோயில் நாம் செய்யும் தவறுகள்

ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் எங்கள் டாப்ளர் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "நரம்பு இழுக்குதுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தமிழில் நரம்பு என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. உணர்வைக் கொண்டுபோவதும் நரம்பு. முன்கையில் பச்சையாகத் தெரியும், ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் சிரையும் நரம்பு, அதில் போடுவது நரம்பு ஊசி. கெண்டைக்காலில் நெளிந்து புடைத்திருந்தால் நரம்புச் சுருட்டல். ஆனால் இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு மட்டும் நம் பேச்சில் பேரே கிடையாது. பேர் இல்லாததால் அது அடைத்துக்கொள்ளும் என்ற நினைப்பும் வருவதில்லை. முதல் தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

கடலூர் முதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். வயது அறுபதைத் தாண்டியவர், படகு வேலை, சர்க்கரை உண்டு. துறைமுகத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்குள் மூன்று இடத்தில் நின்று நின்றுதான் நடப்பாராம். இரண்டு வருடம் "நரம்புக்கு" வைட்டமின் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். "நின்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "நின்னாலே சரியாயிடும்மா, உட்காரக்கூட வேணாம்" என்றார். நோயின் அடையாளமே அந்தப் பதில்தான். நடக்கும்போது தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும். குழாய் குறுகியிருந்தால் அவ்வளவு வராது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். சும்மா நின்றாலே சில நிமிடத்தில் விட்டுவிடும். முதுகுத்தண்டில் நரம்பு அழுத்தப்பட்டு வரும் வலி அப்படி இல்லை. அது உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால்தான் குறையும். இந்த ஒரு கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருந்தால் அந்த இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து அளக்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். ஏபிஐ என்பது அதுதான். 1.0-க்கும் 1.4-க்கும் நடுவில் இருந்தால் இயல்பு. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் தமனி அடைப்பு. சுற்றி இறுக்கும் ஒரு பட்டை (கஃப்), கையடக்க டாப்ளர் கருவி, கொஞ்சம் ஜெல் இருந்தால் போதும், ஊசியே வேண்டாம். நல்ல தமனியின் சத்தம் துடிப்பாக, விட்டுவிட்டுக் கேட்கும். அடைப்புக்குக் கீழே ஒரே மாதிரி மந்தமாக, காற்று ஊதுகிற மாதிரி கேட்கும். காது பழகிவிட்டால் எண் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

ஆனால் இவ்வளவு எளிய அளவிலும் தவறு நடக்கிறது. மாடி ஏறி வந்தவரை உடனே படுக்கவைத்து அளப்பது முதல் தவறு. ஐந்திலிருந்து பத்து நிமிடம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும், அதற்கு முன் பீடியோ காபியோ கூடாது. ஒரு கையை மட்டும் பார்ப்பது அடுத்தது. இரண்டு கையிலும் பார்த்து, எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். காலில் பாதத்தின் மேல்புறம் ஒரு தமனி, உள் கணுக்காலுக்குப் பின்னால் ஒரு தமனி, இரண்டையும் கேட்க வேண்டும். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் தானியங்கி மெஷினைக் கணுக்காலில் கட்டுகிறவர்களும் உண்டு. அழுத்தம் குறைந்த காலில் அதை நம்பக்கூடாது, இருப்பதைவிட அதிகமாகக் காட்டிவிடும்.

நம் பக்கத்தில் அதிகம் ஏமாற்றுவது இன்னொன்று. பல வருடம் சர்க்கரை இருப்பவர்களுக்கும் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போகும். கஃப் எவ்வளவு இறுக்கினாலும் அது மடங்காது. எண் 1.4-க்கு மேல் போகும், சிலருக்கு நடுவில் நின்று இயல்பு மாதிரியே தெரியும். "நம்பர் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டால், கட்டைவிரல் கறுத்த பிறகுதான் திரும்பி வருவார். அந்த மாதிரி ஆட்களுக்குக் கால்விரலின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். விரலின் சின்னக் குழாய்கள் அவ்வளவு சீக்கிரம் விறைப்பதில்லை. முதுநகர்ப் பெரியவருக்குக் கணுக்காலில் 1.1 வந்தது. விரலில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

வீக்கம் என்று வந்தால் இந்தப் பகுதிக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. கடலூர், புதுச்சேரி இரண்டும் யானைக்கால் நோயை நன்றாக அறிந்த ஊர்கள். புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்), கொசு போன்ற நோய் பரப்பிகளை ஆராயும் வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1975 முதல் இயங்குகிறது. கொசுவைக் குறைத்தே யானைக்காலைக் கட்டுப்படுத்தும் திட்டத்தை 1981 முதல் 1985 வரை இங்கே நடத்தியது அந்த மையம்தான். அந்தப் பழைய நினைவு வீடுகளில் இன்னும் இருக்கிறது. கால் வீங்கினால் பாட்டி உடனே யானைக்கால் என்கிறார், வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். யானைக்கால் வீக்கம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறும். நடுநடுவே காய்ச்சல் வரும். ஒரே காலில் நாலைந்து நாளில் வீங்கி, கெண்டைக்கால் கனத்து வலித்தால் அது ஆழமான சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு, புற்றுநோய் இருக்கும்போது, வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்த பிறகு இது அதிகம் வரும்.

அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் அரை மணி நேரம்கூடப் பொறுக்கக்கூடாது. ஸ்கேனில் இதைக் கண்டுபிடிப்பதும் எளிது. ஸ்கேன் கருவியின் கைப்பிடியால் (புரோப்) மெல்ல அழுத்தினால் நல்ல சிரை அமுங்கி மறைந்துவிடும், உள்ளே உறைந்த ரத்தக் கட்டி இருந்தால் அமுங்காமல் வட்டமாகவே நிற்கும். ரத்தக் கட்டி கரையும்போது வரும் பொருளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை அதிகமாக வந்தது என்பதற்காக மட்டும் கட்டி என்று முடிவு கட்டுவதும் தவறு. கர்ப்பத்தில், தொற்றில், வயதானவர்களில் அது சாதாரணமாகவே ஏறும். வாய்ப்பு குறைவாக இருக்கும் ஆளுக்கு "இல்லை" என்று சொல்லத்தான் அது உதவும். அப்புறம், வீக்கம் வடிந்ததும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டிய மருந்து அது.

என் பெரியம்மாவுக்கு நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் இருந்தார். சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றியதில் கால் சுட்டிருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன கால், அவருக்குத் தெரியவே இல்லை. புண் ஆறவில்லை. சுற்றிலும் சிரைகள் புடைத்திருந்ததால் "நரம்புச் சுருட்டல் புண்" என்று ஓரிடத்தில் சொல்லி, இறுக்கமான காலுறை (ஸ்டாக்கிங்) போட்டு அனுப்பினார்கள். தமனியை யாரும் அளக்கவில்லை. ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டுக்கொண்டுதான் தூங்குவார். அப்படித் தொங்கவிட்டால் வலி குறைகிறது என்பதே ரத்தம் இறங்கவில்லை என்பதன் அறிகுறி. அப்போது நான் இந்த வேலைக்கு வரவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் வராத காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் என்ன ஆகும்? ஸ்டாக்கிங்கோ கட்டோ போடுவதற்கு முன் ஏபிஐ பார்த்தே ஆக வேண்டும்.

இதே விஷயத்தை ஆய்வுகளிலும் பார்க்கலாம். சிரைப் புண்ணுக்கு முதலில் கட்டுப் போட்டு ஆறவைத்து, சிரையைப் பிறகு சரிசெய்வதுதான் பழைய வழக்கம். பிரிட்டனில் 20 மையங்களில் 450 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான எவ்ரா ஆய்வு, கட்டோடு சேர்த்துக் கெட்டுப்போன சிரையையும் சிகிச்சையால் உடனே மூடிவிட்டால் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று காட்டியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள் ஆனது, உடனே செய்தவர்களுக்கு 56 நாள். நல்ல செய்திதான். ஆனால் ஏபிஐ 0.8-க்குக் குறைந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு என் பெரியம்மா மாதிரி ஒருவருக்கு அதைப் பொருத்தினால் குற்றம் ஆய்வின் மேல் இல்லை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இரண்டு ஆய்வு எதிரெதிராகச் சொன்னால் "ஆராய்ச்சிக்காரர்களுக்கே தெரியாது" என்று ஒதுக்குவதும் அதே அவசரம். காலே போகும் நிலையில் இருப்பவர்களுக்கு அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை போடும் பைபாஸ் நல்லதா, குழாய்க்குள் நுழைத்து விரிக்கும் பலூன் நல்லதா என்று 1,830 பேரிடம் பார்த்தது பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு. அந்தப் பாதைக்குப் பயன்படுத்தக் காலில் நல்ல நீளமான சிரை கிடைக்கிறவர்களுக்கு பைபாஸ் மேல் என்று 2022-இல் சொன்னது. அடுத்த வருடம் வந்த பேசில்-2, 345 பேரை வைத்து, பலூனை முதலில் செய்ததே மேல் என்றது. ஆனால் பேசில்-2 முழங்காலுக்குக் கீழே உள்ள அடைப்புக்கும் சிகிச்சை தேவைப்பட்டவர்களைப் பற்றியது. இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகளைப் பார்க்கவில்லை. "எனக்கு எந்த இடத்தில் அடைப்பு, பைபாஸுக்கு ஏற்ற சிரை இருக்கிறதா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள், பேச்சு அங்கிருந்து சரியாகப் போகும்.

நடந்தால் வலிக்கிறது என்று நடையையே விட்டுவிடுகிறார்கள். புண்ணோ ராத்திரி வலியோ இல்லாதவர்களுக்கு நடைதான் முதல் மருந்து. வலி வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம், குறைந்தது 12 வாரம். இடுப்புப் பக்கத்துத் தமனி அடைத்தவர்களில், கண்காணிப்போடு நடந்தவர்கள் ஆறு மாதத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களைவிட அதிக நேரம் நடந்தார்கள் என்று 2011-இல் வந்த கிளெவர் ஆய்வு சொன்னது. புதுச்சேரிக்காரர்களுக்கு மாலையில் வண்டி இல்லாத கடற்கரைச் சாலை இருக்கிறது, கடலூர்க்காரர்களுக்கு வெள்ளிக் கடற்கரை. சர்க்கரைக் காலோடு மணலில் வெறுங்காலாக மட்டும் வேண்டாம்.

பீடியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. 1908-இல் லியோ பியூர்கர் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோய், புகையிலை பிடிக்கும் இளைஞர்களின் விரல்களைத் தின்கிறது. ஒரு நாளைக்கு இரண்டுதான் என்பது அங்கே கணக்கே இல்லை. முழுக்க விட்டால்தான் நிற்கும்.

ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டால் எலியாக்கிவிடுவார்களோ என்று சிலர் ஓடுகிறார்கள். டாக்டர் சொன்னால் சரி என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குப் பொதுவான ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை சிடிஆர்ஐ என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். பதிவு எண் என்ன என்று கேட்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது.

கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, மரத்து, அசைக்க முடியாமல் போனால் மட்டும் டாப்ளர் அறைக்கு நாள் குறிக்காதீர்கள், ஒத்தடம் கொடுத்தும் பார்க்காதீர்கள். கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தில் தசை செத்துப்போகும். அறுவை சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும்.

மற்றபடி பரிசோதனைக்கு வருகிறவர்கள் கொலுசையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டுகளோடு வாருங்கள். வலிக்கிற காலை மட்டும் நீட்டாதீர்கள், வலிக்காத காலையும் அளக்க வேண்டும்.