ஈரப்பலாவை வீணாக்காதீர்கள்

வீட்டில் ஈரப்பலா மரம் (சீமைப்பலா என்றும் சொல்வார்கள்) நின்றால், காய் பழுத்து விழும்வரை விடாதீர்கள். தோலில் முள் மழுங்கி ஆங்காங்கே பால் கசிந்து காய்ந்திருந்தால் அதுதான் பறிக்கிற பருவம், சதை நல்ல மாவுப்பிடிப்பாக இருக்கும். பறித்த சில நாளிலேயே குழைந்துவிடும், சந்தைக்கு அதிகம் வராததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் முழுக் காயைத் தண்ணீரில் மூழ்க வையுங்கள், அல்லது தோலும் நடுத்தண்டும் நீக்கி, துண்டு போட்டு, அரைவேக்காடாக அவித்து ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். நறுக்கும்முன் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவினால் பால் ஒட்டாது. தேங்காய்ப்பால் கறிக்கும் வறுவலுக்கும் உருளைக்கிழங்கை விட இதுதான் ருசி! அப்புறம், கன்று வேண்டுமென்றால், நம்மிடம் இருப்பது பெரும்பாலும் விதையில்லாத ரகம், வேரிலிருந்து முளைக்கிற பக்கக்கன்றைப் பிரித்து மழைக்காலத்தில் நடுங்கள்.