ஹோஸ் கிளாம்ப்: ஏலத்தோட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஏலச்செடிக்குத் தண்ணீர்தான் உயிர். படுதா விரித்த குளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. உடனே பம்பைக் கழற்றுவோம், ஃபுட் வால்வை மாற்றுவோம், போடியிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். சக்‌ஷன் ஹோஸின் கிளாம்பை, அதாவது பம்புக்குத் தண்ணீரை உறிஞ்சும் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தை, மட்டும் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே ஒரு சொட்டுகூட ஒழுகாது.

சக்‌ஷன் பக்கம் கிளாம்ப் சரியில்லை என்றால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். பம்பு ஓடும்போது அந்த இடத்தில் சோப்பு நுரையைக் கெட்டியாகத் தடவிப் பாருங்கள். நுரையில் சின்னக் குழி விழுந்து உள்ளே இழுபட்டால் காற்று போகும் வழி அதுதான்.

நம் ஊரில் இதற்குப் பெரிய காரணம், வரிவரியாகச் சுருள் ஓடும் பச்சை ஹோஸில் சாதாரண ஸ்க்ரூ கிளாம்பைப் போடுவது. தட்டையான பட்டை மேட்டு வரியின் மேல் மட்டும் உட்காரும். பள்ளத்தை அது தொடுவதே இல்லை. எவ்வளவு முறுக்கினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும், கடைசியில் ஸ்க்ரூவின் புரிதான் போகும். இந்த ஹோஸுக்கு இரட்டைக் கம்பி கிளாம்ப் வாங்குங்கள். கம்பி சுருளோடு சேர்ந்து பள்ளத்திலேயே படியும்.

அடுத்தது அளவு. கடையில் போய் "2 இன்ச் கிளாம்ப் கொடுங்க" என்று கேட்கிறோம். 2 இன்ச் என்பது ஹோஸின் உள்வாய். கிளாம்ப் பிடிப்பது வெளிச்சுற்றை, அதுவும் நிப்பிளில் (ஹோஸ் மாட்டும் குழாய் முனை) ஏறி விரிந்த பிறகு இருக்கும் சுற்றை. ஹோஸை நிப்பிளில் மாட்டி, ஒரு நூலைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 60 மி.மீ. வந்தால் 50–70 கிளாம்ப் சரி. 40–60 வாங்கினால் கடைசிப் பல்லில் தொங்கும். ரொம்பப் பெரியதை வாங்கி வாலை நீளமாக விடுவதும் தப்புதான். வட்டம் சரியாக அமையாமல் ஸ்க்ரூ உட்காரும் கூட்டுக்கு அடியில் இடைவெளி விழும்.

மழைக்கு முன்னால் துரிசும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கிறோமே, அந்த டிரம்மில் இருக்கும் கிளாம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்குவோம். செம்பு படிந்தால் துரிசு இன்னும் மிச்சம் என்று தெரியும். கத்திக்கு நடப்பதுதான் கிளாம்புக்கும் நடக்கிறது. துத்தநாக முலாம் முதலில் போகும், அப்புறம் இரும்பு துருப்பிடிக்கும். இங்கே 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போடுங்கள். பட்டை மட்டும் எஸ்.எஸ்., ஸ்க்ரூ முலாம் பூசிய இரும்பு என்றும் விற்கிறார்கள். ஸ்க்ரூவையும் கேட்டு வாங்குங்கள்.

பவர் ஸ்பிரேயரின் டெலிவரி ஹோஸில் ஸ்க்ரூ கிளாம்ப் வேண்டவே வேண்டாம். அது சதுர செ.மீ.க்கு 20 கிலோவுக்கு மேல் அழுத்தம் தரும் பம்பு. ஹோஸ் கழன்றால் பாம்பு மாதிரி துள்ளி, மருந்து முகத்தில் அடிக்கும். கண் போய்விடலாம். அழுத்தத்துக்கென்று செய்த, முனை நசுக்கிப் பொருத்திய கப்ளிங்தான் போட வேண்டும். இதில் மட்டும் செலவு பார்க்காதீர்கள்.

ஸ்க்ரூ கிளாம்பைக் குறை சொல்லவில்லை. லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் 1921-ல் கொண்டுவந்த அமைப்பு இன்றும் ஓடுகிறது. வழுவழுப்பான ரப்பர் ஹோஸ், மிதமான அழுத்தம் என்றால் அதுவே போதும். சிலிகான் ஹோஸில் மட்டும், பட்டையின் துளை வழியே சதை பிதுங்கி அறுபடும். உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும் வகையைக் கேளுங்கள்.

கடைசியாக வண்டி. ரேடியேட்டர் ஹோஸில் கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளாம்பைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ கிளாம்ப் மாட்டுகிறார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது இன்ஜின் கொதிக்கும், ராத்திரி பனியில் குளிரும். ரப்பர் விரிந்து சுருங்கும்போது ஸ்பிரிங் கூடவே போய் இறுக்கும். ஸ்க்ரூ நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் சூட்டில் ஒழுகாத ஹோஸ் குளிரில் ஒழுகும். சந்தேகமாக இருந்தால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் அதில் கூலன்ட் கறை இருந்தால், வண்டியை எடுக்கும் முன் அந்தக் கிளாம்பைப் பாருங்கள்.