மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முதல் ஐந்து நிமிட மேடை நகைச்சுவை

ஐந்து நிமிடத்துக்கு 400 முதல் 500 சொல் போதும். மீதி நேரம் கூட்டம் சிரிப்பதற்கு. பிரட்டுக் களம் (தோட்டத் தொழிலாளர் காலையில் பெயர் கொடுக்கக் கூடும் இடம்), பால்மரக் காடு (ரப்பர்த் தோட்டம்), லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகள்) குழாயடிச் சண்டை என்று பார்த்ததையே எழுதுங்கள். சிரிப்பு வரும் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கட்டும். அதற்குப் பின்னால் ஒரு சொல் ஒட்டினாலும் அது சிரிப்பை மிதித்துவிடும். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோயில் திருவிழா மேடை கடினமானது. பிள்ளைகள் ஓடுவார்கள், பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். அங்கே நீண்ட முன்கதை எடுபடாது, 20 வினாடிக்குள் முதல் சிரிப்பு வர வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஸ்பீக்கருக்கு முன்னாலும் போகாதீர்கள்: வீல் என்று அலறும். இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் தொடவே வேண்டாம். மலேசியாவில் அது போலீஸ் புகார் வரை போகும்.

ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மூன்று மேடையில் சிரிப்பு வராத வரியை வெட்டிவிடுங்கள், எவ்வளவு பிடித்திருந்தாலும் சரி.

மேடையிலிருந்து திரை நடிப்புக்குப் போகும்போது குரலைப் பாதியாகக் குறையுங்கள். சிரிப்புக்காக நிறுத்தும் பழக்கம் கேமரா முன் வசனம் மறந்ததுபோல் தெரியும்.